புத்தகத்தில் வந்த அக்கா

வீட்டில் அவளை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதிலேயே சோடாபுட்டி மாட்டியவள். வளர்ந்து வேலைக்குப் போனதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே என்றான பிறகு, வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும் யோசனைகூட யாருக்கும் வரவில்லை. பகலெல்லாம் பிறர் காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி ஃபிரேமைச் சூடு காட்டி வளைப்பாள். மிச்ச நேரத்தில் நாவல் படிப்பாள்.

படிப்பதோடு விடவும் மாட்டாள். நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு வாசகர் வட்டம் கூடும். அவள் முறை வந்தால் மற்றவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அதிலும் துக்க நாவல் ஏதாவது மாட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"யாராவது செத்துப் போனா உடனே ஊர் மாத்தம். போன ஊர்ல ஒரு சின்னக் கடை. கடைக்காரர் அதிகம் பேச மாட்டார், ஆனா எல்லாம் புரிஞ்சவர். அப்புறம் ஒரு பூனை. பூனை இல்லாம இவங்களுக்குத் துக்கம் ஆறவே ஆறாது. பாதி தாண்டினா மழை. கடைசி அத்தியாயத்துல ஜன்னலைத் திறந்துடுவாங்க. ஒரு ஜன்னலைத் திறக்க எதுக்குங்க இத்தனை காகிதம்?"

சிரிப்பார்கள். "நீங்க திட்டற புத்தகத்தைத்தான் மறுவாரம் எல்லாரும் போட்டி போட்டு எடுத்துட்டுப் போறாங்க" என்பார் நூலகர்.

பேச்சில் அவள் கிழித்ததிலேயே மோசமாகக் கிழித்தது நீல அட்டை போட்ட ஒரு நாவலை. மனைவியை இழந்த ஒருவர், அவள் யார் யாருக்கு என்னென்ன நல்லது செய்தாள் என்று பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டு மனம் தேறுகிற கதை. அதில் அந்த மனைவி, கொட்டுகிற மழையில், பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தன் சிவப்புச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து வருவாள். "இவ மனுஷியா, மெழுகுவத்தியா?" என்று கேட்டாள் கண்ணாடி. அன்று அறை அதிர்ந்தது.

அவளுடைய அக்கா புத்தகம் பக்கமே போகாதவள். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. நாள் முழுக்க நரம்பு தேடித் தேடிக் குத்துகிறவளுக்குக் குழைந்து பேச வராது. "முஷ்டியை மடக்குங்க. ஊசியைப் பார்க்காதீங்க, என் மூஞ்சியையும் பார்க்காதீங்க. சுவத்துல காலண்டர் இருக்கு, அதைப் பாருங்க" என்பாள். பெரிய ஆபீசர் என்றாலும் அதே குரல், கைக்குழந்தை என்றாலும் அதே குரல். தங்கையின் படிப்பைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் ஒன்றே ஒன்று. "செத்தவங்களைப் பத்திப் படிச்சு என்னடி பண்ணப் போற? இருக்கறவ கூப்பிட்டா முதல்ல போனை எடு."

அந்த அக்கா ஒரு நாள் முற்பகலில், ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு ஊசி எடுக்கத் திரும்பியவள், அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கண்ணாடி, கடையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இத்தனை படித்தாளே, ஒரு நாவல்கூட அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. வந்ததெல்லாம் வேண்டாத நினைப்புகள்தான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபோது, 'இங்கே எழுத்தாளர் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் காட்டியிருப்பார்' என்று தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் கடிகாரம் இருக்கத்தான் செய்தது. தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, லிஃப்ட் மெக்கானிக் வேலை. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எப்போது முரண்டு பிடிக்கும் என்று வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். வெளியூரில் கல்லூரி படித்துக்கொண்டிருந்த மகள் இந்தப் பருவம் முழுக்க வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று பெட்டியோடு வந்துவிட்டாள். வாயாடியாக இருந்ததால் வாலு என்று பெயர் வாங்கியவள், இப்போது வாயைத் திறப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடி அங்கே போய்ச் சமைத்து வைப்பாள். மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

ஒரு ஞாயிறு அத்தான் கேட்டார். "நீ படிப்பியே, அந்த மாதிரி ஏதாவது இருந்தா குடேன். டிவியைப் போட்டா சத்தம் மட்டும் கேக்குது, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. தன் அலமாரியிலேயே சிறந்ததாக, ஒரு சிட்டிகை சர்க்கரை கலக்காத துக்க நாவல்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுவாரம் அத்தனையும் மேஜையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"என்ன அத்தான், பிடிக்கலையா?"

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க போல. ஆனா இதுல யாரும் யார்கிட்டயும் பேசவே மாட்டேங்கிறாங்களே. அதான் இங்கயே நடக்குதே, அதை எதுக்குப் படிக்கணும்?"

புத்தகங்களை அவரே அவள் வீடு வரை தூக்கி வந்தார். வந்தவர், வாசல் பக்கம் வேண்டாதவை என்று ஒதுக்கி வைத்திருந்த புத்தகக் கட்டிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார். நீல அட்டை.

"அது வேண்டாம் அத்தான். அது ஒரு மாதிரி."

"அட்டை பளிச்சுனு இருக்கே" என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அந்தப் புத்தகம் அவரை விட்டு இறங்கவில்லை. ஒரு தடவை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வேலைப் பையில் ஸ்பேனருக்கும் மீட்டருக்கும் நடுவில் அது கிடந்தது. ஓரங்களில் கிரீஸ் ஏறியது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததுபோலவும் இருந்தது. கண்ணாடிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல் எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை.

பிறகுதான் அது நடந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான், யாரும் எதுவும் கேட்காமலே, தலையைத் தூக்கிப் பேச ஆரம்பித்தார்.

"உங்க அம்மா ஒரு தடவை என்ன பண்ணா தெரியுமா வாலு? நல்ல மழை. பஸ் ஸ்டாப்புல ஒரு வயித்துப் பிள்ளைக்காரி செருப்பு இல்லாம நின்னிருக்கா. இவ தன் சாம்பல் கலர் செருப்பை, அந்த ஓரத்துல ஒட்டுப்பட்டி பிய்ஞ்சதை, கழட்டிக் குடுத்துட்டு, வெறுங்காலோட வீடு வரைக்கும் நடந்து வந்துட்டா."

கண்ணாடியின் கை பாதியில் நின்றது.

"அம்மாவா?" என்றாள் வாலு. அத்தனை வாரங்களில் அவள் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்கவில்லை.

"அம்மாதான். கால்ல சேறு. நான் என்னன்னு கேட்டா, 'துடைக்க ஒரு துணி குடு, கேள்வி அப்புறம் கேளு'ன்னா."

வாலு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இத்தனை நாள் எனக்கு ஏம்ப்பா சொல்லலை?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடி எழுந்து தண்ணீர் எடுக்கப் போவதுபோலச் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள். காதில் கேட்டது சரிதானா என்று சந்தேகம். மழை, பஸ் நிறுத்தம், கர்ப்பிணி, செருப்பு. ஊரையே சிரிக்க வைத்த காட்சி, அப்படியே அக்கா தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் கடைக்குப் போகும் வழியில் நூலகத்தில் இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் குழப்பம் கூடியது. புத்தகத்தில் சிவப்புச் செருப்பு. அத்தான் சொன்னது சாம்பல் நிறச் செருப்பு, ஓரத்தில் ஒட்டுப்பட்டி பிய்ந்தது. அக்காவிடம் அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தது. புத்தகத்தில் வருகிற மனைவி கண்ணீரோடு சிரிப்பாள். "கேள்வி அப்புறம் கேளு" என்று அவள் சொல்வதில்லை. அது அக்கா பேச்சேதான், அச்சு அசல்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கு ஞாயிறு ஒரு கதை வந்தது. சில புத்தகத்தில் இருந்தன, சில இல்லை. பரிசோதனைக்கு வந்த ஒரு முதியவருக்கு அக்கா ஷூ கயிறு கட்டிவிட்ட கதை எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனால் இருந்திருக்கலாம் போலிருந்தது. வாலு ஒவ்வொன்றையும் வாயைப் பிளந்து கேட்டாள். தோழிகளுக்குப் போனில் சொன்னாள். அம்மாவோடு எப்போதும் மல்லுக்கு நின்ற பெண், "எங்கம்மா எப்படிப்பட்டவங்க தெரியுமா" என்று ஆரம்பித்தால், கண்ணாடி பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

அவரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மட்டமான புத்திதான். இருந்தாலும் அடக்க முடியவில்லை. வேறொரு நாவலிலிருந்து ஒரு காட்சியை எடுத்துச் சும்மா பேச்சுவாக்கில் விட்டாள்.

"ஒரு தடவை அக்கா வேலை கோட்டு பாக்கெட்டுல ஒரு பூனைக்குட்டியைப் போட்டுக் கொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கா அத்தான்?"

அத்தான் நெற்றியைச் சுருக்கினார். "பூனையா? அவளா? பூனையைக் கண்டாலே தும்முவாளே. எதிர் வீட்டுப் பூனை படியில படுத்திருந்தா லிஃப்ட்ல சுத்திக்கிட்டு வருவா. நீ வேற யாரையோ நினைச்சுக்கிட்டுப் பேசற."

அவள் முகத்தில் அசடு வழிந்தது. கொடுத்ததையெல்லாம் விழுங்குகிறவர் இல்லை இவர். அப்படியென்றால் செருப்புக் கதை நடந்ததா? நடந்திருந்தால் அக்கா ஏன் தன்னிடம் சொல்லவில்லை? எழுத்தாளருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? தெரிய வழியே இல்லை. அப்படியானால் இரண்டு பெண்கள் இரண்டு ஊரில் ஒரே காரியத்தைச் செய்தார்களா? ஒருத்தி பிறக்கவே இல்லையே, காகிதத்தில் இருப்பவள் ஆயிற்றே. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கடையில் ஒரு வாடிக்கையாளரின் ஃபிரேமை அதிகம் சூடாக்கியதில் அதன் கை நெளிந்து போனது. மன்னிப்புக் கேட்டு வேறு மாற்றிக் கொடுத்தாள்.

அதைவிட மோசமான ஒன்று அந்த வாரம் நடந்தது. அக்காவைப் பற்றித் தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை நினைத்துப் பார்ப்போம், அதில் புத்தகம் கலக்காது என்று உட்கார்ந்தாள். முதலில் வந்தது அவள் எப்போதும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் ஒரு நினைவு. பள்ளிக்கூடத்தில் இவளைச் சோடாபுட்டி என்று கிண்டல் செய்கிறார்கள் என்று, அக்கா ஒரு நாள் கண்ணாடி இல்லாத வெறும் ஃபிரேம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து மாட்டிக்கொண்டு இவளோடு பள்ளிக்கு வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டு வழியாக நடந்தார்கள். நினைத்து முடித்ததும் சந்தேகம் வந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது! இதை அவள் எங்கேயாவது படித்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். ஒருவேளை படித்ததுதானோ? கேட்பதற்கு அப்பா அம்மா இல்லை. அக்காவும் இல்லை.

அக்காவின் லாக்கரைக் காலி செய்து தரச் சொல்லிப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தபோது, நான் போகிறேன் என்று கண்ணாடிதான் கிளம்பினாள். உள்ளே ஒரு சால்வை, பாதி தீர்ந்த கைக் களிம்பு, டப்பாவில் பிஸ்கட். அக்காவுக்குப் பக்கத்து மேஜையில் வேலை செய்த பெண் கூடவே நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"எங்கக்கா எப்பவாவது யாருக்காவது செருப்பைக் கழட்டிக் குடுத்தாளா? மழை நாள்ல?"

அந்தப் பெண் விழித்தாள். "செருப்பா? தெரியலையே." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஒரு மழை நாள்ல, மதியம் டீ குடிக்கப் போயிட்டு வெறுங்காலோட வந்தாங்க. இங்க சிந்தினது கிந்தினது இருக்கும், வெறுங்காலோட நிக்கவே கூடாது. என்னக்கா இதுன்னு கேட்டேன். பட்டி அறுந்துடுச்சு, குப்பையில போட்டுட்டேன்னாங்க. ஸ்டோர்ல இருந்து ரப்பர் செருப்பு வாங்கிக் குடுத்தோம்."

"ரெண்டு பட்டியுமா அறுந்தது?"

"அதை நான் கேக்கலையே. கேட்டா கடிச்சு வச்சிருப்பாங்க."

சால்வையைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வந்த காரியம் முடிந்தது, மண்டைக்குள் மட்டும் எதுவும் முடியவில்லை. அக்கா நல்லது செய்துவிட்டு அதை மறைக்கிற ரகம்தான். ஆனால் செருப்பு நிஜமாகவே அறுந்தால் அதைக் குப்பையில் வீசுகிற ரகமும்தான். அத்தான் சொன்னதில் வீட்டுக்கு வந்தாள், இந்தப் பெண் சொன்னதில் வேலைக்கு வந்தாள். ஒரே மழையா, வேறு வேறு மழையா?

இந்த நேரத்தில் வாலு போன் செய்தாள். "சித்தி, அப்பா படிக்கறாரே நீலப் புத்தகம், உங்ககிட்ட இன்னொண்ணு இருக்கா? அவர் குடுக்க மாட்டேங்கறார்."

"அதுல ஒண்ணும் இல்ல வாலு. நேரம் வீண்."

"நீங்க எதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கீங்க?"

"வேற நல்லதா நான் எடுத்துத் தரேன்."

"எனக்கு அதுதான் வேணும்."

கண்ணாடி ஏதேதோ சாக்குச் சொன்னாள். வாலுவா கேட்பாள்! அந்த வாரமே நூலகத்தில் போய் எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மாலை, கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் நீல அட்டை. பக்கங்களுக்கு நடுவில் விரலை வைத்திருந்தாள். கண் பார்வைப் பலகைக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சித்தி, அப்பா சொன்னது இதுல இருக்கு."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அவர் முதல் தடவை சொன்னப்பவே."

வாலு அவளையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று கண்ணாடி எதிர்பார்த்தாள். கோபம் வரவில்லை. வழி தவறியவள்போல அந்தப் பெண் கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்போ என் அம்மா?" என்றாள். "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் சித்தி. எனக்கே... போன வாரம்தான் அம்மாவை எனக்குப் பிடிக்க ஆரம்பிச்சுது."

கண்ணாடி இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தாள். வெறுங்கால் நாளைப் பற்றி, பட்டி அறுந்ததைப் பற்றிச் சொன்னாள். பூனைக்குட்டிச் சோதனையையும் மறைக்கவில்லை. வாலு கேட்டுவிட்டு, "அப்படின்னா உண்மையா பொய்யா?" என்றாள்.

"தெரியலையே."

"இவ்ளோ படிக்கறீங்க, இதுகூடத் தெரியாதா?"

"இது படிச்சுத் தெரியற விஷயமா எனக்குத் தோணலை வாலு."

இருவரும் கடையைப் பூட்டிவிட்டுச் சேர்ந்தே வீட்டுக்குப் போனார்கள். அத்தான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாலு புத்தகத்தை மேஜையில் வைத்தாள். தன்னுடைய பிரதி பைக்குள் இருக்கிறது, இது வேறு என்று அவருக்கு உடனே புரிந்தது. குழாயை மூடினார்.

"படிச்சுட்டியா?"

"படிச்சுட்டேன்ப்பா."

அவர் துண்டில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நான் பொய் சொல்லலைம்மா" என்றார். "அதை நீங்க ரெண்டு பேரும் நம்பணும். அந்தப் பக்கத்தைப் படிச்சப்ப, அட, இது நம்ம வீட்டுல நடந்ததாச்சேன்னு எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அவ கால், அந்தச் சேறு, துணி கேட்டது, எல்லாம் கண்ணு முன்னாடி நின்னுது. ஆனா..."

"ஆனா?"

"புத்தகம் படிக்கறதுக்கு முன்னாடி அது ஞாபகத்துல இருந்ததான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியலை. யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். லிஃப்ட்ல கோளாறுன்னா ஒவ்வொரு ஒயரா கழட்டிப் பார்த்தா எங்கன்னு தெரிஞ்சுடும். இதுல எதைக் கழட்டறது?"

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவரே தொடர்ந்தார்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அவளை நினைச்சா என்ன வருது தெரியுமா? பல்லு தேய்க்கறது வருது. ஃபேனை மூணுல வையி, ரெண்டுல வையின்னு சண்டை போட்டது வருது. வேற வரலை. நான் பயந்துட்டேன் கண்ணாடி. அப்பத்தான் இந்தப் புத்தகம். அதைப் படிச்சா அவ பேசறா. இப்ப எது அவ, எது புத்தகம்னு பிரிக்கச் சொன்னா என்னால ஆகாது. நீதான் ரெண்டையும் நல்லாப் படிச்சவ. நீ சொல்லு."

கண்ணாடி வாயைத் திறந்தாள். வட்டத்தில் எத்தனை பேர் அவள் தீர்ப்புக்காகக் காத்திருந்திருக்கிறார்கள், ஒரு தடவையாவது தயங்கியிருப்பாளா! இப்போது தீர்ப்புக்குப் பதிலாகத் தன் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னாள். வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டு அக்கா கையைப் பிடித்து நடந்த கதை. "இது நடந்துச்சா, நான் படிச்சேனான்னு எனக்கும் தெரியலை அத்தான்" என்றாள்.

அத்தான் முகம் மாறியது. "நடந்துச்சு, நடந்துச்சு. அவ சொல்லியிருக்கா. ஆனா நீ சொல்ற மாதிரி இல்ல. உன்னை மாதிரியே நடிச்சுக் காட்டி உன்னை வெறுப்பேத்தறதுக்காக மாட்டிக்கிட்டு வந்ததா சொன்னா. வழியெல்லாம் நீ அழுதுக்கிட்டே போனியாம்."

"நான் அழலை!"

"அழுதேன்னு சொன்னா."

"அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா அத்தான். யாராவது வெறுப்பேத்தறதுக்குக் கையைப் பிடிப்பாங்களா?"

"நீங்க ஓடிப் போயிடுவீங்கன்னு பிடிச்சிருப்பாங்க" என்றாள் வாலு.

மூன்று பேருக்கும் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரே கலவரம். ஃபேன் மூன்றில் வேண்டும் என்றது அம்மாதான் என்று அத்தான் சொல்ல, இல்லை, அம்மாவுக்கு இரண்டுதான், மூன்று கேட்டது நீங்கதான் என்று வாலு மேஜையைத் தட்டினாள். அக்கா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்பதில் அப்பாவும் மகளும் ஒத்துப்போகவில்லை. அவளுக்கு இனிப்பு பிடிக்கும் என்றாள் கண்ணாடி. பிடிக்கவே பிடிக்காது என்றார்கள் இருவரும். அப்படியென்றால் இத்தனை வருஷமும் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தபோது அக்கா யாருக்காகச் சாப்பிட்டாள்? கண்ணாடிக்கு மேலும் ஒரு குழப்பம் சேர்ந்தது. பேசப் பேச அக்கா ஒரு ஆள் போலவே இல்லை, ஆளுக்கொரு ஆளாகப் பிரிந்து நின்றாள். ஆனாலும் அந்த அறையில் அவளைப் பற்றி அவ்வளவு சத்தம் எழுந்தது, அவள் போன பிறகு அன்றைக்குத்தான்.

செருப்பு விஷயத்தில் முடிவு எதுவும் ஆகவில்லை. வாலு தோழிகளிடம் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. "நடந்திருக்கலாம்னு சொல்லிக்கறேன்" என்றாள். பருவம் முடிந்து கல்லூரிக்குக் கிளம்பும்போது பழைய வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது. அத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கதைகளை நிறுத்தவில்லை. இப்போது மட்டும் ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இது நான் சரியாச் சொல்றேனான்னு தெரியலை" என்று ஒரு வார்த்தை போட்டுக்கொள்கிறார்.

வாசகர் வட்டத்தில் துக்க நாவல்களுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, கண்ணாடியைப் பேசச் சொன்னார்கள். எல்லோரும் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நீல அட்டையைப் பற்றித்தான் பேசினாள். செருப்புக் காட்சி பொய்யாக எழுதப்பட்டது என்றாள். கொஞ்சம் கழித்து, அதைப் படித்த ஒருவருக்கு உண்மை ஒன்று ஞாபகம் வந்தது என்றாள். அந்த உண்மை உண்மைதானா என்பதில் தனக்கு ஐயம் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டாள். அதற்குமேல் பேச்சு எந்தப் பக்கமும் நகரவில்லை.

நூலகர் பொறுமை இழந்து கேட்டார். "சுருக்கமா, புத்தகம் நல்லா இருக்கா இல்லையா?"

"நல்லா இல்லை" என்றாள். உட்காரப் போனவள் மறுபடி எழுந்து, "ஆனா யாராவது கேட்டா வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றாள். இரண்டு பேர் கை தட்டினார்கள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு அத்தான் அவள் வீட்டுக்கு வந்து அலமாரி முன் நின்றார். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னட்டையைப் படித்தார். பழுப்பு அட்டை போட்ட ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல யார் சாகறாங்க?"

"பொண்டாட்டி."

"எப்படிப்பட்டவ?"

"ரொம்ப மோசமானவ அத்தான். வாய் திறந்தா வசவு. கஞ்சத்தனம் வேற."

அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம ஆள்கூட இது கலந்துடுமோ?"

"கலந்தாலும் கலக்கும்."

"கலந்துட்டா நீ சொல்லுவியா?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்றேன்."

அவர் புத்தகத்தைப் பைக்குள் வைத்து, ஸ்பேனர் குத்தாமல் இருக்க நடுவில் ஒரு துணியை மடித்துச் செருகிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.